கோவிவனைப் பழக்கியது யார்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் செங்கத்தைக் கடந்துதான் போகவேண்டும். அந்த வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த ஒரு நடுகல், தமிழ்நாட்டு நாய்களின் வரலாற்றுக்கு முதல் பக்கமாக வைக்கத் தக்கது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அது நடப்பட்டது. எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கென்றே தனியாக எழுத்தும் உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்பது அதன் செய்தி.

செங்கம் பகுதிக் கற்களை இரா. நாகசாமி 1972-இல் நூலாகத் தொகுத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை மாட்டு மந்தையைக் கவர்வதையும் மீட்பதையும் பற்றியவை என்பது தெரியவந்தது. மனிதர்களின் பெயர்கள் நிறைய உண்டு. நாயின் பெயர் கல்லில் ஏறுவது அபூர்வம்.

நாய் வளர்த்துப் பார்த்தவர்கள் அந்த ஒரு வரியில் இரண்டு வினைகளைக் கவனிப்பார்கள். ஒன்று கடித்தது, மற்றது காத்து நின்றது. கடிப்பது எந்த நாய்க்கும் வரும். எருமைகள் மிரண்டு சிதறி, ஆட்கள் கூச்சலிட்டு, கள்ளர்கள் தப்பியோடும் நேரத்தில், துரத்திக்கொண்டே காடேறாமல் விழுந்து கிடப்பவன் பக்கத்தில் நிற்பது பழக்கத்தால் மட்டுமே வரும். எட்டு மாத நாயிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கோவிவனுக்கும் ஓர் எட்டாவது மாதம் இருந்திருக்கும். கூப்பிட்டால் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்த்திசையில் ஓடிய நாட்கள் இருந்திருக்கும். அந்த நாட்களில் அதனோடு இருந்தது யார் என்று கல்லில் இல்லை. வீரனையும் வீரநாயையும் செதுக்குவார்கள். விடலை நாயையும் அதன் பின்னால் ஓடி அலைந்தவனையும் யாரும் செதுக்குவதில்லை.

ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் நாய் வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. நாய்க்கான வேலை ஒவ்வொரு காலத்திலும் மாறியிருக்கிறது, பழக்கும் முறையும் மாறியிருக்கிறது. ஆனால் குட்டிக்கும் பெரிய நாய்க்கும் நடுவிலுள்ள அந்த ஒரு வருஷத்தை அதனோடு கழிக்க யாரோ ஒருவர் இருந்துகொண்டே வந்திருக்கிறார். அந்த ஆள் இல்லாமல்போனது சமீபத்தில்தான்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு கல் உண்டு. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் இருந்தது, இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 949-இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் கொல்லப்பட்டான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்காக அங்கே போரிட்டவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன். அவன் வீரத்தை மெச்சிய மன்னன், வேண்டியதைக் கேள் என்று சொன்னபோது அவன் நிலமோ பொன்னோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு கேளலை நாட்டில் ஒரு பெரிய காட்டுப் பன்றியின் மீது காளியை ஏவினார்கள். பன்றியும் செத்தது, காளியும் செத்தது. ஆதகூர்ச் சிவன் கோயிலுக்கு எதிரே நாய்க்குக் கல் நட்டு, அதற்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிடக் கூடாது என்பது நிபந்தனை. தக்கோலப் போரைப் பற்றி வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்த முக்கியமான சாட்சியங்களில் ஒன்று, ஒரு நாயின் நினைவுக்கல் என்பது வேடிக்கைதான்.

காளி மணலேரன் கைக்கு வந்தபோது ஏற்கெனவே பழகிய நாய். பழக்கியவர்கள் யாரோ அரண்மனை வேட்டைக்காரர்களாக இருந்திருக்கலாம். அவர்கள் பெயர் தெரியாது. பன்றி வேட்டையில் இளம் நாய்தான் முதலில் சாகும். நேருக்கு நேர் பாய்ந்து கோரைப் பல்லில் வயிறு கிழிபடும். அனுபவப்பட்ட நாய் சுற்றி வளைத்துக் குரைத்து, பின்தொடையைப் பிடிக்கும், விலகும், மறுபடி பிடிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புலிக்குத்திப்பட்டான் கற்களும் பன்றியோடு மோதி இறந்தவர்களின் கற்களும் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் நிற்கிறது. அப்படி நின்ற ஒவ்வொரு நாய்க்கும் பின்னால், விடலைப் பருவத்தில் கயிற்றில் பிடித்து நிறுத்திவைக்கப்பட்ட, பெரிய நாய்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே துடித்த ஒரு வருஷம் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் பன்றி வேட்டையில் வேறு வழியில் அந்த வயதைத் தாண்ட முடியாது.

வேட்டையை விட ஆடு மேய்ப்பதில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குரும்பர்கள் தலைமுறைகளாக ஆட்டு மந்தை வைத்திருப்பவர்கள். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதும் இரவில் பட்டிக்கு நாயைக் காவல் விடுவதும் இந்த மேட்டுநிலத்துக்குப் பழையவை. பட்டியில் பிறந்த குட்டி ஆடுகளின் வாசனையிலேயே வளர்கிறது. பால் மறந்ததும் மூத்த நாயோடு திரிகிறது. ஆறேழு மாதம் ஆனதும் ஆரம்பிக்கும் வம்பு: ஆட்டுக்குட்டியை விளையாட்டாகத் துரத்துவது, காதைக் கவ்வி இழுப்பது, வாலைப் பிடிப்பது. ஊருக்குள் இப்படிச் செய்தால் தெருவில் விரட்டிவிடுவார்கள். பட்டியில் என்ன செய்வது? மேய்ப்பவன் பகல் முழுக்க அங்கேயேதான் இருக்கிறான், அதட்டுகிறான். அவனுக்கு முன்பே மூத்த நாய் ஓர் உறுமலில் விஷயத்தை முடித்துவிடுகிறது. கிடாவும் ஒரு முட்டு கொடுக்கும்.

இதே விஷயத்தை அமெரிக்கா 1970-களின் இறுதியில் ஆராய்ச்சியாகச் செய்தது. மாசசூசெட்ஸில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பட்டி நாய்களைக் கொண்டுவந்து அமெரிக்கப் பண்ணைகளுக்குக் கொடுத்து, வருஷக்கணக்கில் கணக்கெடுத்தார்கள். குட்டிகளை முதல் நான்கு மாதத்துக்குள் ஆடுகளோடு சேர்த்து வளர்த்தால் அவை ஆடுகளோடு ஒட்டிக்கொள்ளும் என்று கண்டார்கள். அப்படி ஒட்டிய நாய்களும் விடலைப் பருவத்தில் ஆடுகளைத் துரத்தி விளையாடின. அதில் பொறுமையிழந்த பண்ணைக்காரர்கள் நாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தைத் தாண்டும் வரை மேற்பார்வையில் வைத்திருந்தவர்களுக்கு நல்ல காவல் கிடைத்தது. குரும்பருக்கு இது செய்தியே இல்லை.

மைசூர்ப் போருக்குப் பின் 1792-இல் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலும், திப்பு வீழ்ந்த 1799-க்குப் பின் ஓசூர்ப் பகுதியும் கிழக்கிந்தியக் கும்பினி வசம் வந்தன. பத்து வருஷம் கழித்து, 1809-இல், பெங்களூர் கன்டோன்மென்ட் உருவானது. ராணுவத்துக்குக் குதிரை வேண்டியிருந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், வெயில் அடங்கி, புல் நிறைந்து கிடந்த ஓசூர் அதற்கு வாகாக அமைந்தது. இப்படித்தான் ஓசூரை அடுத்த மத்திகிரியில் ராணுவக் குதிரைப் பண்ணை வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய அந்தப் பண்ணை 1924-இல் சிவில் நிர்வாகத்துக்கு மாறி, 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த மாவட்டக் கால்நடைப் பண்ணையாக இன்றும் இருக்கிறது.

நாயைப் பற்றிய கட்டுரையில் குதிரை எதற்கு என்றால், விடலை விலங்கைப் பழக்குவதற்கென்றே நிலமும் ஆளும் சம்பளமும் ஒதுக்கிய அரசாங்க ஏற்பாடு மத்திகிரி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கிய ‘வேலர்’ குதிரைகள் பெரும்பாலும் மூன்று, நான்கு வயதுடையவை. குதிரைக் கணக்கில் அது மீசை அரும்பும் வயது. நேராகப் படைக்கு அனுப்பினால் சிப்பாயின் கழுத்து முறியும், குதிரையும் கெடும். அதனால் மாதக்கணக்கில் மேயவிட்டு, இந்தச் சீதோஷ்ணத்துக்குப் பழக்கி, பிறகுதான் படைப்பிரிவுகளுக்குக் கொடுத்தார்கள். அவசரப்பட்டால் நஷ்டம் என்பதைக் கும்பினிக் கணக்குப்பிள்ளைகள் ரூபாயில் தெரிந்துவைத்திருந்தார்கள்.

அதே அதிகாரிகளின் பங்களாக்களில் நாய்களும் இருந்தன. ஸ்பானியல், டெரியர், பாயிண்டர் என்று கப்பலில் வந்தவை பாதி, இங்கே கலந்து பிறந்தவை பாதி. சமையற்காரர், குதிரைக்காரர், தண்ணீர்க்காரர் வரிசையில் நாய்க்காரப் பையனும் ஒரு வேலைக்காரன். பம்பாய் மாகாணத்தில் சுங்க அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் 1889-இல் வெளியிட்ட ‘பிஹைண்ட் த பங்களா’ நூலில் இந்தப் பையனுக்குத் தனி அத்தியாயமே உண்டு. வீட்டு வேலைக்காரர்களில் கடைசிப் படியில் இருந்தவன் அவன். நாய்களைக் குளிப்பாட்டுவது, உண்ணி பொறுக்குவது, காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போவது எல்லாம் அவன் பொறுப்பு. நாய் எதையாவது கடித்துக் குதறினால் அடி அவனுக்கு. விடலை நாயும் விடலைப் பையனும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் நாள் முழுக்கக் கழித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், சாகிப் தன் நாயின் கீழ்ப்படிதலைப் பற்றிக் கடிதங்களில் எழுதிக்கொண்ட பெருமையில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்பது விளங்கும்.

இங்கே பையன் நடத்திக்கொண்டு போன அதே காலத்தில் ஐரோப்பாவில் நாய்ப் பயிற்சி போலீஸ் வேலையாக மாறிக்கொண்டிருந்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1899-இல் இரவு ரோந்துக்கு நாய்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஜெர்மன் போலீஸ் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910-இல் பயிற்சிக் கையேடு எழுதினார். நாய் எதை எதோடு இணைத்துக் கற்றுக்கொள்கிறது என்பதை அவர் கூர்மையாகக் கவனித்தவர்தான். ஆனால் அவர் முறையில் முள் பட்டையும் பிரம்பும் உண்டு. இரண்டு உலகப்போர்களிலும் அந்த முறை ராணுவங்கள் வழியே பரவியது. நாயை அடித்துத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று இன்றும் ஓசூரில் பலர் நம்புவதற்கு ஊர்ப் பழக்கம் மட்டும் காரணமில்லை. அதில் ஒரு பிரஷ்ய மிச்சமும் இருக்கிறது.

சென்னையில் போலீஸ் துப்பறியும் நாய்ப் பிரிவு 1951-இல் தொடங்கியது. பின்னர் மாவட்டங்களுக்கும் பரவியது. இந்தப் பிரிவுகளில் பொதுவான நடைமுறை ஒன்றுண்டு. இரண்டு மூன்று மாதக் குட்டியாக வாங்குவார்கள். ஒரு நாயைக் குறிப்பிட்ட ஒரு காவலரிடம் ஒப்படைப்பார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ அடிப்படைப் பயிற்சி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயிற்சி முழுவதும் நாயின் விடலைப் பருவத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நாய் அடங்காத மாதங்களில்தான் ஓர் ஆள் முழுநேரமும் அதனோடு இருக்கிறார், அதுவும் அரசாங்கச் சம்பளத்தில். துப்பறியும் நாய் பிறவியிலேயே புத்திசாலி என்று பத்திரிகைகள் எழுதும். அந்தப் புத்தியில் ஒரு காவலரின் காலை நேரங்கள் கலந்திருப்பதை எழுதுவதில்லை.

ஓசூரிலிருந்து எட்டும் தூரத்தில், பன்னேர்கட்டா காட்டோரம் தரளுவில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2011-இல் நாய் இனப்பெருக்கப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. நக்சல் பகுதிகளில் ரோந்துக்கும் வெடிகுண்டு கண்டுபிடிக்கவும் பெல்ஜியன் மாலினாய் நாய்களைப் பெரிய அளவில் பழக்கியது அந்தப் பள்ளிதான். மாலினாய் வீட்டில் வளர்க்க ஏற்ற நாயா என்று கேட்டால், விடலைப் பருவத்து மாலினாயை ஒரு நாள் பார்த்தவர் எவரும் தலையாட்டமாட்டார். அதற்கு நாள் முழுக்க வேலை வேண்டும்.

நம்மூர் நாய்களுக்கும் இந்த இடைக்காலத்தில் ஒரு திருப்பம் வந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. வேட்டை நாய்க்கு வேலை போனது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பெயர்பெற்ற இனங்களெல்லாம் தெற்கத்தியவை. அவற்றைக் காப்பாற்ற 1980-களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் அரசு ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவை வைத்தது. 2005-இல் ராஜபாளையத்துக்கும் வடகர்நாடகத்து முதோலுக்கும் அஞ்சல்தலை வெளியானது. முதோல் குட்டிகள் சிலவற்றை 2016-இல் மீரட் ராணுவ மையத்துக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நாய்க்கு அப்படித் தனிப் பெயர் ஏதும் அமையவில்லை. கோவிவனின் வம்சம் வெறும் நாட்டு நாயாகவே இருக்கிறது.

இதே காலத்தில் ஊரும் மாறியது. தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் 1971-இல் உருவாகி, பிறகு ஓசூரிலும் ஒரு தொழில் வளாகத்தை அமைத்தது. 1980 வாக்கில் டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் வந்தது. பாகலூர் சாலையிலும் தளி சாலையிலும் ராகிக் கொல்லைகள் மனைகளாயின. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம், 2019-இல் ஓசூர் மாநகராட்சி. இப்போது போச்சம்பள்ளியில் ஓலா, ஓசூரை ஒட்டி டாடா எலக்ட்ரானிக்ஸ். வேலைக்கு வந்தவர்கள் வீடு எடுத்தார்கள். வீட்டுக்குக் காவல் வேண்டும் என்றோ பிள்ளைகள் கேட்டார்கள் என்றோ நாய் வாங்கினார்கள். லாப்ரடாரும் அல்சேஷனும் டாபர்மேனும் ராட்வைலரும் பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தன. ஊர் குளிர்ச்சியாக இருப்பதால் தாங்கும் என்று சைபீரியாவின் ஹஸ்கியைக்கூட வாங்கியவர்கள் உண்டு.

நாய் வந்தது, ஆனால் அதனோடு பகலைக் கழிக்க ஆள் இல்லை. கணவருக்கு ஏ ஷிஃப்ட், மனைவிக்கு பி ஷிஃப்ட், பிள்ளைகளுக்கு டியூஷன். குட்டியாக இருக்கும் வரை எல்லோரும் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். ஏழாவது மாதம் செருப்பைக் கடிக்கிறது, விருந்தாளி மேல் தாவுகிறது, கேட் திறந்தால் ரிங் ரோடு வரை ஓடுகிறது. எட்டாவது மாதம் கிரில்லில் சங்கிலி. சங்கிலியில் கிடக்கும் இளநாய் போகிற வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்கக் குரைத்துக் குரைத்து, உண்மையிலேயே கடிக்கிற நாயாக மாறுகிறது. ஒரு நாள் ராயக்கோட்டைச் சாலையிலோ ஏதாவது ஏரிக்கரையிலோ இறக்கிவிடப்படுகிறது. இது ஓசூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் காப்பகங்களில் 1990-களில் எடுத்த கணக்கில், உரிமையாளர்கள் கொண்டுவந்து விட்ட நாய்களில் ஏறத்தாழ பாதி ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டவையாக இருந்தன.

அந்த எட்டாவது மாதத்தில் நாய்க்கு என்னதான் ஆகிறது? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கப்படும் நாய்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 69 நாய்களை ஐந்து மாத வயதிலும் எட்டு மாத வயதிலும் உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். எட்டாவது மாதத்தில், வளர்த்தவர் சொன்னபோது அவை கேட்கத் தவறியது கூடியிருந்தது. முன்பின் தெரியாதவர் சொன்னபோது அப்படி ஆகவில்லை. அதாவது கட்டளை மறந்துபோகவில்லை, வளர்த்தவரோடுதான் மல்லுக்கட்டு. 285 நாய்களைப் பற்றிய கேள்வித்தாள்களும் இதையே காட்டின. பன்னிரண்டாவது மாதத்தில் பெரும்பாலானவை பழையபடி சொன்னதைக் கேட்டன. வளர்ப்பவரை விட்டுப் பிரிந்தால் பதறுகிற, பிணைப்பில் நிம்மதி இல்லாத பெண் நாய்கள் மற்றவற்றை விடச் சீக்கிரம் பருவமடைந்தன என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. வயசுப் பிள்ளை உள்ள வீட்டார் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

ஆக, சங்கிலியில் கட்டப்படுவது கெட்டுப்போன நாய் இல்லை. இன்னும் நான்கைந்து மாதத்தில் தானே தெளியப்போகிற நாய். அந்த நான்கைந்து மாதத்தில் அடித்தால், வளர்த்தவரோடு இருக்கும் மல்லுக்கட்டு பகையாகும். அதுதான் மோஸ்ட் முறையின் கோளாறு.

நல்ல பயிற்றுநர்கள் இந்தப் பருவத்தில் புதிதாக எதையும் பெரிதாகச் சொல்லித் தருவதில்லை. குட்டியில் சொன்னதையே மறுபடி முதலிலிருந்து, ஐந்து ஐந்து நிமிடமாக, வீட்டுக்குள்ளும் பிறகு வாசலிலும் பிறகு தெருவிலும் செய்யவைப்பார்கள். திறந்த வெளியில் கயிற்றை அவிழ்க்கமாட்டார்கள். மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி நீளமான கயிறு ஒன்று போதும். நாய்க்குச் சுதந்திரம், ஆளுக்குக் கைப்பிடி. கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் திட்டக் கூடாது, அது அரை மணி கழித்து வந்திருந்தாலும். திட்டினால் அடுத்த முறை ஒரு மணி ஆகும். நல்லதைச் செய்தால் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துணுக்கு. பல்லுக்கு வேலை கொடுக்காவிட்டால் அது தானே வேலை தேடிக்கொள்ளும். ஆகையால் கடிக்க எதையாவது கொடுத்துவிட வேண்டும். போன வாரம் பயப்படாத லாரி ஹாரனுக்கு இந்த வாரம் நடுங்கும். அந்த நேரத்தில் இழுத்துக்கொண்டு போகாமல் தூரத்தில் நின்று, அது தானாகத் தளரும் வரை காத்திருக்க வேண்டும். கருத்தடை எந்த வயதில் செய்வது என்பது இனத்தையும் உடல் பருமனையும் பொறுத்தது. கால்நடை மருத்துவரிடம் கேட்பதே சரி.

ஓசூருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. அப்பா தமிழில் உட்கார் என்பார், பாட்டி தெலுங்கில் கூர்ச்சோ என்பார், பக்கத்து வீட்டுக்காரர் கன்னடத்தில் கூத்துக்கோ என்பார், பையன் யூடியூப் பார்த்து சிட் என்பான். நாய்க்கு எந்த மொழியும் ஒன்றுதான், ஆனால் வீட்டில் ஏதாவது ஒன்றை முடிவுசெய்துவிடுவது நல்லது.

நகரத்தை விட்டுத் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் விடலை நாயால் வருகிற ஆபத்து வேறு. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்கும். அனுபவப்பட்ட நாய் தூரத்திலிருந்தே குரைத்து ஆளை எழுப்பும். இளநாய் யானையின் காலடி வரை போய்க் குரைத்துவிட்டு, அது திரும்பியதும் பயந்து நேராக எஜமானிடம் ஓடிவரும். பின்னாலேயே யானையும் வரும். காட்டோரத்தில் இரவில் இளநாயைக் கட்டிவைப்பது கொடுமையாகாது. அங்கே அதுதான் பாதுகாப்பு.

தெருநாய்களுக்கு இந்தப் பருவத்தைத் தாண்டுவதே பெரிய காரியம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் தொடர்ந்து கவனித்த 364 தெருக்குட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் ஏழாவது மாதத்தை எட்டியது. சாவுகளில் பெரும்பான்மை மனிதர்களால் நேர்ந்தவை. தெருவில் திரிகிற ஒரு வயது நாயைக் கொண்டுவந்து வளர்த்தவர்கள், அது சாலையைக் கடக்கும் நிதானத்தைப் பார்த்து வியப்பதற்குக் காரணம் இதுதான். நிதானம் இல்லாதவை அந்த வயதைப் பார்க்கவில்லை.

அரசாங்கமும் இப்போது நாய்ப் பேச்சில் இறங்கியிருக்கிறது, ஆனால் பேசுவது இனத்தைப் பற்றி. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு இன வாதங்கள் எதுவும் ஆறுதல் தராது. ஆனாலும் அரசின் சுற்றறிக்கையில் இனத்துக்குப் பட்டியல் இருந்தது, ஒரு நாய் தன் இரண்டாம் அரையாண்டை எப்படிக் கழித்தது என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை என்பது குறைதான்.

ஓசூரில் இன்று குட்டி வாங்க நினைப்பவர்கள் இனத்தை விசாரிப்பதற்கு முன் வீட்டிலுள்ள ஷிஃப்ட் அட்டவணையை எடுத்துப் பார்க்கட்டும். குட்டிக்கு ஆறாவது மாதம் எப்போது வரும் என்று காலண்டரில் எண்ணி, அங்கிருந்து ஒரு வருஷத்துக்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி அதை நடத்திச் செல்லப்போவது யார் என்று ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் வாங்காதீர்கள். கிடைத்தால், மூன்றாவது மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.